பச்சை ஏன் நகர்ந்தது? வீட்டிலேயே பல நிற டி-சர்ட் அச்சிடத் தொடங்குபவர்களுக்கு

வீட்டில் பழைய தாம்பூலப் பை ஒன்றாவது இருக்கும். எடுத்துப் பாருங்கள். மஞ்சள் துணியில் ஒரு பிள்ளையார், கீழே மணமக்கள் பெயர், மண்டபத்தின் விலாசம். சிவப்பும் பச்சையுமாக அச்சு. நாலைந்து பைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏதாவது ஒன்றில் பச்சை நிறம் சிவப்புக் கோட்டை விட்டு ஒரு நூல் அளவு விலகி நிற்கும். பிள்ளையாருக்கு இரண்டு தும்பிக்கை முளைத்தது போல இருக்கும்.

பல நிற ஸ்கிரீன் பிரிண்டிங்கின் முழுப் பாடமும் அந்த விலகலில் இருக்கிறது. "மல்டிகலர் கஷ்டம், கலர் கலக்கத் தெரியணும்" என்று பலர் சொல்வார்கள். கலர் டப்பாவிலேயே வருகிறது, கலக்க ஒன்றுமில்லை. முதல் நிறம் விழுந்த அதே இடத்துக்கு இரண்டாவது நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான் வேலை. இது நிற வேலையைவிட இட வேலை.

தை பிறந்தால் எங்கள் வேலூர்ப் பக்கத்தில் மாடு விடும் விழா தொடங்கிவிடும். ஊருக்கு ஊர் இளைஞர்கள் தங்கள் காளையின் பெயர் போட்ட டி-சர்ட்டில் வந்து நிற்பார்கள். அப்படி ஒரு டி-சர்ட்டையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்: கறுப்புத் துணி, வெள்ளைக் காளை, நெற்றியில் சிவப்புப் பொட்டு, கீழே மஞ்சளில் காளையின் பெயர்.

எதையெல்லாம் ஸ்கிரீன் பிரிண்டிங் என்கிறோம்

டி-சர்ட்டில் படம் இருந்தாலே "ஸ்கிரீன் பிரிண்ட்" என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. கடையில் கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்து, பிளாஸ்டிக் ஃபிலிமில் பிரிண்ட் எடுத்து, சூடான இயந்திரத்தில் அழுத்தி ஒட்டித் தருகிறார்களே, அது டி.டி.எஃப். வெள்ளை பாலியெஸ்டர் துணியில் மட்டும் நன்றாக ஏறுவது சப்ளிமேஷன். இரண்டுமே இயந்திரத்தில் பிரிண்ட் எடுத்த படத்தைச் சூட்டால் துணிக்கு மாற்றுபவை. எத்தனை நிறம் என்பது அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மை வலைத்துணி வழியாக நேராகத் துணியில் இறங்குகிறது. ஒரு சட்டைக்கும் நூறு சட்டைக்கும் முன்தயாரிப்பு ஒன்றுதான். அதனால் மகனின் பிறந்தநாளுக்குப் போட்டோ போட்ட ஒரே ஒரு சட்டை வேண்டுமென்றால் டி.டி.எஃப் கடைக்குப் போய்விடுங்கள். வீட்டில் மூன்று நாள் மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. இருபது முப்பது சட்டை, இரண்டு மூன்று நிறம் என்றால்தான் ஸ்கிரீன் கட்டுப்படியாகும்.

கோலத் தட்டும் மாவுச் சல்லடையும்

மார்கழியில் தெருவில் விற்கும் பிளாஸ்டிக் கோலத் தட்டு தெரியுமல்லவா? ஓட்டைகள் கோல வடிவத்தில் இருக்கும். மேலே மாவைக் கொட்டித் தேய்த்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் மாவு இறங்கும், மற்ற இடத்தில் தட்டு தடுத்துவிடும். தட்டைத் தூக்கினால் கோலம்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. வட்டத்துக்குள் வட்டம் வேண்டுமென்றால் உள்வட்டம் கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு பாலம் வைக்க வேண்டும். ‘ம’ என்ற எழுத்தின் உட்புறமும் அப்படித்தான். இதைத் தீர்க்க, தட்டுக்குப் பதிலாகச் சல்லடையை எடுத்து, வேண்டாத ஓட்டைகளை மட்டும் பசையால் அடைத்துவிட்டால்? உள்வட்டத்தையும் சல்லடையின் நூல்களே தாங்கிக்கொள்ளும். ஸ்கிரீன் என்பது இவ்வளவுதான்: ஃபிரேமில் இழுத்துக் கட்டிய சல்லடை, தேவையான இடம் திறந்தும் மற்ற இடம் அடைபட்டும்.

அந்தச் சல்லடைத் துணிக்கு மெஷ் என்று பெயர். ஒரு காலத்தில் பட்டு. ‘சில்க் ஸ்கிரீன்’ என்ற பெயர் அதனால் வந்தது. ஆரணியில் நெய்யும் பட்டுக்கும் அதற்கும் இப்போது சம்பந்தமில்லை, இன்று எல்லாம் பாலியெஸ்டர். ரவைச் சல்லடை, மைதாச் சல்லடை போல இதிலும் கண்ணின் அளவு மாறும். எண் கூடினால் கண் சிறிதாகும், மை குறைவாக இறங்கும், நுணுக்கமான கோடு விழும். டி-சர்ட்டுக்கு அங்குலத்துக்கு 110 நூல் உள்ள மெஷ் நல்ல தொடக்கம். சில கடைகளில் சென்டிமீட்டர் கணக்கில் 43 என்பார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதான். கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் பயன்படுத்தும் நெருக்கமான மெஷ்ஷை வாங்கி வந்து, "மை இறங்கவே இல்லை" என்று புலம்புபவர்கள் உண்டு.

மையை மெஷ் வழியாக அழுத்தி இழுக்கும் ரப்பர் பட்டை வைத்த கட்டைக்கு ஸ்க்வீஜி என்று பெயர். மழைத் தண்ணீரை வாசலுக்குத் தள்ளும் வைப்பரின் சின்னத் தம்பி.

இதுவரை: ஸ்கிரீன் ஒரு சல்லடை. அடைபடாத கண் வழியாக மை இறங்குகிறது. ஒரு ஸ்கிரீனில் ஒரு நிறம்தான் போகும்.

வெயில் படம் வரையும் விதம்

ஆயிரக்கணக்கான கண்களில் எவை அடைபட வேண்டும், எவை திறந்திருக்க வேண்டும் என்று யார் உட்கார்ந்து அடைப்பது? வெளிச்சம்தான் அடைக்கிறது.

கத்திரி வெயிலில் ஒரு வாரம் பைக் ஓட்டிவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றினால் பட்டை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கும். கடிகாரம் வெயிலை மறைத்தது, அவ்வளவுதான். இங்கேயும் அதே கதை. மெஷ்ஷின் மேல் எமல்ஷன் என்ற ஒளியுணர் பசையை மெல்லிதாகப் பூசி, மங்கலான மஞ்சள் விளக்குள்ள இருட்டறையில் காயவைக்க வேண்டும். வெளிச்சம் பட்ட எமல்ஷன் வெந்த முட்டை மாதிரி இறுகிவிடும், தண்ணீரில் கரையாது. வெளிச்சம் படாத இடம் பச்சை முட்டை மாதிரி கழுவினால் போய்விடும்.

வெயிலை மறைக்கும் ‘கடிகாரம்’ என்பது நம் படம். அதை டிரேசிங் தாளிலோ கண்ணாடி போன்ற ஃபிலிமிலோ அடர்கறுப்பில் பிரிண்ட் எடுக்க வேண்டும். இதற்குப் பாசிட்டிவ் என்று பெயர். புதியவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் இது: சிவப்புப் பொட்டுக்கான பாசிட்டிவும் கறுப்புதான், மஞ்சள் எழுத்துக்கான பாசிட்டிவும் கறுப்புதான். அதன் வேலை வெளிச்சத்தை மறைப்பது மட்டும். நிறம் பிறகு மையில் வரும். பிரவுசிங் சென்டரில் கலர் பிரிண்ட் எடுத்துக் காசை வீணாக்காதீர்கள்.

எமல்ஷன் பூசிய ஸ்கிரீன், அதன்மேல் பாசிட்டிவ், அதை அழுத்திப் பிடிக்க ஒரு கண்ணாடி. மூன்றையும் சேர்த்து வெயிலில் காட்ட வேண்டும். எங்கள் ஊரை ‘வெயிலூர்’ என்று கேலி செய்பவர்கள் உண்டு. இந்த ஒரு வேலைக்கு அது கொடுப்பினை. எத்தனை நொடி? யார் சொல்லும் கணக்கையும் நம்பாதீர்கள். மே மாத நண்பகலும் மார்கழிக் காலையும் ஒன்றல்ல, எமல்ஷனும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு பழைய ஸ்கிரீனில் எமல்ஷன் பூசி, பாசிட்டிவ் வைத்து, அட்டையால் மூடி, 20 நொடிக்கு ஒருமுறை அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். கழுவும்போது எந்தப் பட்டையில் படம் சுத்தமாகத் திறந்து, மீதி இடம் வழுவழுப்பாகக் கரையாமல் நிற்கிறதோ, அதுவே அந்த மாதத்துக்கும் அந்த நேரத்துக்குமான கணக்கு. நோட்டில் எழுதிவையுங்கள். எல்லாமே கரைந்து போனால் வெயில் போதவில்லை. படமே திறக்காவிட்டால் கூடிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய கைகள் சிலர் எமல்ஷனுக்கு ஒளியுணர்வு வர அதில் ‘பைக்ரோமேட்’ என்ற ஆரஞ்சு நிற உப்பைக் கரைத்துச் சேர்ப்பார்கள். மலிவு, வேகமாக வேலை செய்யும். ஆனால் அதில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. குரோமியத்தை வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் வகை, அது வேறு. பைக்ரோமேட் வகை எப்படிப்பட்டது என்று ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு மேட்டுக்குப் பக்கத்தில் கிணறு வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தீங்கு முழுதாக நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நம் பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில்தான். வீட்டுக் குளியலறையில் நாமும் ஒரு டம்ளர் ஊற்ற வேண்டாம். டயஸோ என்ற வேறொரு ஒளியுணர் பொருளைக் கலந்து பயன்படுத்தும் எமல்ஷனோ, ஏற்கெனவே ஒளியுணர்வு சேர்த்து வரும் ரெடிமேட் எமல்ஷனோ வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு ஒரு ஃபிரேம்

நம் காளைக்கு வருவோம். வெள்ளை, சிவப்பு, மஞ்சள்: மூன்று நிறம், மூன்று பாசிட்டிவ், மூன்று ஃபிரேம். படத்தைக் கம்ப்யூட்டரில் நிறவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கறுப்புப் படமாக எடுக்கிறோம். பொங்கல் கோலத்தில் அக்கா வெள்ளைக் கோடு போட, தங்கை காவி இட, பக்கத்து வீட்டுச் சின்னம்மா கலர்ப்பொடி நிரப்புவதுபோல ஆளுக்கொரு நிறம், முறை வைத்து.

படத்தில் எத்தனை நிறம் என்று எண்ணும்போது துணியின் நிறத்தையும் பாருங்கள். கறுப்பு டி-சர்ட்டில் காளையின் கண்ணுக்குக் கறுப்பு மை தேவையில்லை. அந்த இடத்தை அச்சிடாமல் விட்டால் துணியே கண்ணாகிவிடும். காசில்லாமல் ஒரு நிறம். திருவிழா டி-சர்ட்டுகள் பல கறுப்பில் இருப்பதற்கு அழுக்குத் தெரியாது என்பது மட்டும் காரணமாக இருக்காது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மூன்று கல் அடுப்பு

என் முதல் பல நிற வேலையில் பன்னிரண்டு டி-சர்ட். வேலையைச் சீக்கிரம் முடிக்கிறேன் பேர்வழி என்று பன்னிரண்டிலும் முதலில் வெள்ளையை அடித்துக் கொடியில் காயப்போட்டேன். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துச் சிவப்பு அடித்தேன். ஒரு காளைக்குப் பொட்டு கண்ணில், இன்னொன்றுக்குக் கொம்பில், வேறொன்றுக்கு மூக்குக்கு வெளியே காற்றில். ஸ்கிரீன் சாமான் விற்கும் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இன்னா தம்பி, சட்டைய ஏன் பலகையிலிருந்து எடுத்த? எடுத்தா அது வேற சட்டை" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் பன்னிரண்டு சட்டை விலை கொடுத்தேன்.

குடியாத்தம் கைலி நெய்த துணி. பிடித்து இழுத்தால் அவ்வளவாக நீளாது. தாம்பூலப் பையும் அப்படியே. திருப்பூரிலிருந்து வரும் பனியன் துணி நூலை வளைய வளையமாகக் கோத்துப் பின்னியது, தொட்டாலே நீளும். பலகையிலிருந்து உரித்துத் திரும்பப் போட்டால் அது முன்பிருந்த உருவத்துக்கு வராது. கடைக்காரர் சொன்ன ‘வேற சட்டை’ இதுதான். அதனால் சட்டையை ஒரு பிளைவுட் பலகையில் டேபிள் கம் என்ற லேசான பசை தடவி ஒட்டி, எல்லா நிறமும் முடிகிற வரை தொடாமல் வைக்க வேண்டும்.

சட்டை நகராமல் இருந்தால் பாதி வெற்றி. ஃபிரேமும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். இப்படி நிறத்தோடு நிறத்தைப் பொருத்துவதற்கு ரெஜிஸ்ட்ரேஷன் என்று பெயர். நம்மூர் வழக்கில் வெறும் ‘ரெஜிஸ்டர்’. பெரிய பட்டறைகளில் நடுவில் ஒரு தூண் வைத்து ராட்டினம்போல் ஃபிரேம்கள் சுற்றும் இயந்திரம் இருக்கும். அமெரிக்காவில் மைக்கேல் வாசிலன்டோன் என்பவர் அப்படியொன்றை உருவாக்கி 1969-ல் காப்புரிமை பெற்றார். அந்த ராட்டினம் செய்வது ஒன்றே ஒன்றுதான்: சட்டையை எடுக்க விடாமல், ஃபிரேம்களை மாற்றி மாற்றி அதே இடத்துக்குக் கொண்டுவருகிறது.

வீட்டில் ராட்டினம் வேண்டாம், மூன்று முட்டுக்கட்டை போதும். மூன்று கல் வைத்த அடுப்பு எந்தத் தரையிலும் ஆடாது. நாலாவது கல் வைத்தால்தான் ஒன்று தூக்கும். அதே கணக்கில், பலகையின் ஒரு நீளப் பக்கத்தில் இரண்டு முட்டு, பக்கத்துக் குறுகிய பக்கத்தில் ஒன்று என்று மூன்று சின்ன மரத்துண்டுகளை அறைந்துவிடுங்கள். ஃபிரேமை அந்த மூன்றின் மேலும் நன்றாக இடித்து வைத்தால், எத்தனை முறை எடுத்து வைத்தாலும் ஒரே இடம்தான்.

ஃபிரேம் ஒரே இடத்தில் உட்கார்ந்தாலும், ஃபிரேமுக்குள் படம் வெவ்வேறு இடத்தில் இருந்தால் பயனில்லையே? ஆகவே மூன்று ஃபிரேமும் ஒரே அளவில் இருக்கட்டும். வெயிலில் காட்டுவதற்கு முன் பாசிட்டிவ்களை ஒட்டும்போதும் இதே மூன்று முட்டுள்ள பலகையில் வைத்து ஒட்டுங்கள். இடம் தெரிவதற்காக ஒவ்வொரு பாசிட்டிவின் மூலைகளிலும் வட்டத்துக்குள் கூட்டல் குறி ஒன்று வைப்பது வழக்கம். பலகையில் ஒட்டிய ஒரு வெள்ளைத் தாளில் அந்தக் குறிகளை முதலில் வரைந்துகொண்டு, மூன்று பாசிட்டிவையும் அதன்மேலேயே பொருத்துங்கள். சட்டையில் அடிக்கும் முன் ஸ்கிரீனில் இருக்கும் குறிகளைச் செலோ டேப்பால் மூடிவிட வேண்டும், மறந்தால் காளைக்கு நாலு பக்கமும் குறி விழும்.

இன்னொரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசம் செய்யும். மெஷ் துணியைத் தொட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. ஃபிரேமின் மூலைகளுக்கு அடியில் இரண்டு நாணயங்களை அடுக்கிய உயரத்துக்கு, சுமார் 3 மி.மீ., அட்டை ஒட்டுங்கள். ஸ்க்வீஜி போகும் கோட்டில் மட்டும் மெஷ் துணியைத் தொட்டு, உடனே துள்ளி எழும். இந்த இடைவெளிக்கு ஆஃப் கான்டாக்ட் என்று பெயர். இது இல்லாவிட்டால் மெஷ் ஈரத் துணியோடு ஒட்டி, தூக்கும்போது ஓரமெல்லாம் மங்கும்.

இதுவரை: சட்டை பலகையை விட்டு எழக் கூடாது. ஃபிரேம் மூன்று முட்டில் இடித்து உட்கார வேண்டும். படம் மூன்று ஃபிரேமிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

தையல் மார்ஜினும் உள்பாவாடையும்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு முடியளவு நகரத்தான் செய்யும். தெரிந்த பட்டறைக்காரர் அதை முன்கூட்டியே படத்தில் கணக்கிட்டுவிடுவார்.

தையல்காரர் இரண்டு துண்டுகளை விளிம்போடு விளிம்பாக வைத்துத் தைப்பதில்லை, மார்ஜின் விடுகிறார். அதேபோல அடுத்தடுத்து வரும் இரண்டு நிறங்களில் வெளிர் நிறத்தை அரை மி.மீ. அளவு அடர்நிறத்துக்கு அடியில் நீட்டிவிட வேண்டும். இதற்கு ட்ராப் என்று பெயர். கொஞ்சம் நகர்ந்தாலும் நடுவில் துணி எட்டிப் பார்க்காது.

கறுப்புத் துணிக்கு இன்னொரு ஏற்பாடும் வேண்டும். கறுப்பின் மேல் மஞ்சளை நேராக அடித்தால் வாடிய வேப்பிலை நிறத்தில் விழும். முதலில் அடியில் வெள்ளை அடித்து, அதன்மேல் மஞ்சள். இந்த வெள்ளைக்கு அண்டர்பேஸ் என்று பெயர். உள்பாவாடை சேலைக்கு வெளியே தெரியக் கூடாது என்பது போல, வெள்ளையை மஞ்சளைவிடச் சுற்றிலும் ஒரு இழை சிறியதாக எடுக்க வேண்டும். ட்ராப்பில் பெரிதாக்குகிறோம், அண்டர்பேஸில் சிறிதாக்குகிறோம். இரண்டையும் மாற்றிச் செய்து குழம்புபவர்கள் அதிகம்.

நம் படத்தில் காளையின் வெள்ளையும் எழுத்துக்கு அடியில் போகும் வெள்ளையும் ஒரே ஃபிரேமில் அடங்கிவிடும். வெள்ளை முதலில், பிறகு மஞ்சள், கடைசியில் சிவப்பு. வெளிர் நிறத் துணியில் கறுப்பு அவுட்லைன் உள்ள படமென்றால் கறுப்பைக் கடைசிக்கு வையுங்கள். கண்மை மாதிரி, கொஞ்சம் கோணலாக இருப்பதையும் மறைத்துவிடும்.

வெயில் இப்போது எதிரி

தொடங்குபவர்களுக்குத் தண்ணீர் கலந்த மைதான் சரி. நிறமியும், அதைத் துணியோடு பிடித்துவைக்கும் பைண்டரும் சேர்ந்தது அது; கை கழுவினால் போய்விடும். கறுப்புத் துணிக்கு மட்டும், அடியை மறைக்கும் கெட்டியான வெள்ளை பேஸ்ட் என்று கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிசால் என்ற இன்னொரு வகை பி.வி.சி பிளாஸ்டிக் கலந்தது, காற்றில் காயவே காயாது, சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால்தான் இறுகும். ஸ்கிரீனில் அடைக்காது என்பதால் பட்டறைகளுக்குப் பிடிக்கும். வீட்டில் அந்தச் சூட்டைச் சீராகக் கொடுப்பது கடினம். சமையல் அவனில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது.

தண்ணீர் மைக்கு எங்கள் ஊரில் ஒரு பாடு உண்டு. படம் எடுக்க உதவிய அதே வெயில், மையை மெஷ் கண்ணுக்குள்ளேயே காயவைத்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் நாலாவது சட்டைக்குள் காளையின் வால் காணாமல் போகும். கண் அடைபட்டால் அந்த ஃபிரேம் அன்றைக்கு அவ்வளவுதான். விடியற்காலையில் அச்சிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், வியர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அச்சுக்குப் பிறகும் அழுத்தாமல் மையை மெஷ்ஷின் மேல் ஒருமுறை பரப்பி வைத்தால் கண்கள் ஈரமாகவே இருக்கும். பக்கத்தில் தண்ணீர் ஸ்பிரே பாட்டில் இருக்கட்டும். ஒரு நிறத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஹேர் டிரையரால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவைத்து, பலகை ஆறிய பிறகு அடுத்த ஃபிரேமை இறக்குங்கள். சூடான பலகையில் இறக்கினால் மெஷ் உடனே அடைபடும்.

காய்ந்தது வேறு, வெந்தது வேறு

"தொட்டுப் பார்த்தேன், காய்ந்துவிட்டது. ஒரு துவையலில் போய்விட்டது." நான் அதிகம் கேட்ட புகார் இதுதான்.

செங்கல் சூளைப் பக்கம் போயிருந்தால் தெரியும். அறுத்துக் காயவைத்த பச்சைக் கல் கைக்குக் கெட்டியாகத்தான் இருக்கும். ஒரு மழை பெய்தால் சேறு. சூளையில் வெந்த கல்லோ எத்தனை மழைக்கும் கல்லாகவே நிற்கும். மையும் அப்படித்தான். தண்ணீர் ஆவியாவது காய்வது. பைண்டர் சூட்டில் ஒன்றோடொன்று பின்னி இறுகுவது வேறு. இரண்டாவதற்கு க்யூரிங் என்று பெயர்.

வீட்டில் இதற்கு இஸ்திரிப் பெட்டி போதும். முழுவதும் காய்ந்த மறுநாள், அச்சின் மேல் மெல்லிய பருத்தித் துணி விரித்து, பருத்திக்கான சூட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் மூன்று நான்கு நிமிடம் தேயுங்கள். மைக்கடையில் ஃபிக்ஸர் என்று கேட்டால் ஒரு திரவம் தருவார்கள். டப்பாவில் சொன்ன அளவுக்கு மையில் கலந்தால், சூடு கொஞ்சம் குறைந்தாலும் சில நாட்களில் தானாக இறுகும். ஆனால் கலந்த மையை மறுநாளுக்கு வைக்க முடியாது, டப்பாவிலேயே இறுகிவிடும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள்.

முதல் வேலை எதுவாக இருக்கட்டும்

முதலிலேயே கறுப்புத் துணி, மூன்று நிறம் என்று இறங்க வேண்டாம். வெள்ளைத் துணிப் பையில் இரண்டு நிறம் அடித்துப் பாருங்கள். பை நெய்த துணி, நீளாது. வெள்ளை என்பதால் அண்டர்பேஸ் வேண்டாம். ஒரு மாம்பழமும் ஒரு இலையும் போதும். இலை மாம்பழத்தின் காம்பில் சரியாக உட்கார்ந்தால் உங்கள் மூன்று முட்டும் சரி. பிறகு வெள்ளை டி-சர்ட், அதன் பிறகு கறுப்பு. ஒவ்வொரு நாளும் முதல் சில அச்சுகளைப் பழைய வேட்டித் துண்டில் அடியுங்கள். மை சீராக இறங்கத் தொடங்கிய பிறகு நல்ல துணிக்குப் போகலாம்.

அச்சிட்டதில் ஒன்றை யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து, வீட்டில் வழக்கமாகத் துவைக்கும் சோப்புத் தூளில் ஊறவைத்து, துவைக்கும் கல்லில் நாலு அடி அடித்து அலசுங்கள். பக்கெட் தண்ணீரில் நிறம் இறங்கவில்லை, காளையின் பொட்டும் நெற்றியிலேயே இருக்கிறது என்றால், அடுத்த தைக்கு ஆர்டர் எடுக்கலாம்.